வெள்ளிப்பாரின் கடைசிப் பத்தி

(‘வெள்ளிப்பார்’ மூன்றாம் பதிப்புக்கு ஆசிரியை எழுதும் முன்னுரை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் வாசிக்க வேண்டியது.)

முந்தைய இரண்டு பதிப்புகளையும்விட இந்தப் பதிப்பு நல்ல தாளில் வந்திருக்கிறது. பிள்ளைகள் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினாலும் கிழியாது. எழுத்தும் சற்றுப் பெரியது. இரண்டு பாகங்களையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டியிருப்பதால், முதல் பாகம் கையில் இருக்க இரண்டாம் பாகத்தைத் தேடி அலைந்த கஷ்டம் இனி யாருக்கும் இல்லை.

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பத்தியை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டுப் பலர் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கொடுக்கிறார்களாம். “வெள்ளைப் பாவாடை சிறுத்துக்கொண்டே போயிற்று. முதலில் ஒரு கொக்கு அளவு, பிறகு ஒரு முல்லை மொட்டு அளவு. அலை ஒருமுறை எழுந்து தணிந்தது. தணிந்த இடத்தில் வெயில் மட்டும் கிடந்தது. பாரின் ராணி தன் பிள்ளையைக் கண்டுகொண்டாள்.” அந்தப் பத்திதான். இதுவரை யாருக்கும் நான் பதில் எழுதியதில்லை. இந்த 1937ஆம் ஆண்டில், உடம்பும் தளர்ந்துவிட்ட நிலையில், எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. நெய்யூருக்கு உள்ளே, வாழையும் மரச்சீனியும் சூழ்ந்த ஊர் என்னுடையது. குளச்சலில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து வந்தபோது எனக்கு முப்பது வயது. பள்ளியை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடலுக்கடியில் ஒரு ராஜ்யம் இருப்பதாகக் கதை கட்டினேன். வெள்ளியால் ஆன உலகம் என்ற அர்த்தத்தில் ‘வெள்ளிப்பார்’ என்று பெயர் வைத்தேன். பார் என்றால் உலகம் என்றுதான் நான் படித்திருந்தேன்.

பெரிய அச்சகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. என் தாயார் விட்டுப்போன காப்பை விற்று நானே அச்சிடுவதென்று முடிவு செய்தேன். நாகர்கோவிலில் பகவதியப்பன் என்பவர் கல்யாண அழைப்பும் எண்ணெய்ச் சீட்டும் அடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“டீச்சரம்மா, பக்கத்துக்குப் பத்து வெள்ளி வருது. எனக்க பெட்டியில ‘ள்’ அவ்வளவு கெடையாது. பேசாம தங்கம்ணு மாத்திரும். தங்கத்துக்கு என் கையில எழுத்து உண்டு.”

மாற்றவில்லை. அதனால் எட்டு எட்டுப் பக்கமாகத்தான் அச்செழுத்துக் கோக்க முடிந்தது. எட்டுப் பக்கம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுக்கு ‘ள்’ கிடைக்கும். நான் திருத்தி அனுப்பத் தாமதித்தால் அச்சகமே சும்மா நிற்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

படத்துக்குப் புதிதாக அச்சுக்கட்டை செதுக்க வசதி இல்லை. கூந்தல் தைல விளம்பரத்துக்காகச் செய்த பழைய கட்டை ஒன்று அவரிடம் கிடந்தது. நீண்ட கூந்தலோடு ஒரு பெண், கையில் தைலக் குப்பி. குப்பியை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, கீழே நாலு அலைகளைச் சேர்த்துவிட்டார். அவள்தான் பாரின் ராணி. குப்பி போன பிறகு அந்தக் கை யாரையோ கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. எங்கள் இருவருக்கும் அது பிடித்திருந்தது.

1931இல் புத்தகம் வந்தது. அதே வருஷம் மழைக்காலத்தில் என் வகுப்பில் படித்த குளோரியின் தாய் பிரசவத்தில் இறந்துபோனாள். குளோரிக்கு எட்டு வயது. அவள் தகப்பன் சூசை கட்டுமரத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், இடைவேளை முழுதும் என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்திருப்பாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“டீச்சரம்மா, இந்த வெள்ளிப்பாரு எங்க பாருதானே?”

“எந்தப் பார்?”

“அன்னா நிக்குல்லா. கடல் அடங்கிக் கெடக்கச்செ அதுக்க முதுகு தெரியும். அப்பன் அதுக்கப் பக்கத்துலதான் கணவா பிடிக்கும்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடலோரத்து ஜனங்களுக்குப் பார் என்றால் உலகம் இல்லை. தண்ணீருக்கடியில் மீன் அடையும் பாறைத்திட்டு. என் ஜன்னலுக்கு நேரே அப்படி ஒன்று இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. எழுதும்போது இது எனக்குத் தெரியாது என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்வேன்.

“அப்பம் எனக்க அம்மெ அங்கதான் இருக்காளா? கையைக் காட்டிக் கூப்பிடுதாளே.”

பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். “ஆமா மக்கா” என்றேன். இரண்டே வார்த்தை. இதை வாசிக்கிற தாய்மாரில் எத்தனை பேருக்கு அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல வாய் வந்திருக்கும்?

கதையில் பிள்ளைகள் ராணிக்கு எழுதும் கடிதங்களைச் சங்குக்குள் வைப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்குப் பின்னால் தாழம்புதரில் ஒரு சங்கைக் கண்டேன். உள்ளே கணக்கு நோட்டில் கிழித்த தாள். “அம்மே, நீ அங்க கஞ்சி குடிச்சியா?” என்று மட்டும் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, பிள்ளைக்குப் புரியும் எழுத்தில், குடித்தேன், நீயும் குடி என்று எழுதி வைத்தேன். மறுநாள் பிள்ளை சாப்பிட்டாள். அந்த மாதக் கணக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். சூசை என் அறை வாசலில் ஒரு கோவை கணவாய் மீனைத் தொங்கவிட்டுவிட்டு, “டீச்சரம்மா, நீங்க என்ன மருந்து குடுத்தீயோ, எனக்க பிள்ளெ சிரிக்கிது” என்றார்.

சிறிய அன்புகளால்தான் உலகம் நிற்கிறது என்பது என் நம்பிக்கை. இப்போதும் அதுதான்.

ஒன்றரை வருஷம் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. பிள்ளை என்னைவிட நன்றாக எழுதினாள். தையல்கடை வைத்திருக்கும் நண்டு, கருவாட்டு ராஜாவுக்கு வெயில்மேல் உள்ள பயம், தூங்கும்போது கொட்டாவி விடும் சங்கு, எல்லாம் அவள் எழுதியவை. ஒருமுறை, “கணவாக்கு மை உண்டே, பின்னெ நீ ஏன் இத்திபோல எழுதுக?” என்று கேட்டிருந்தாள். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நீளமாக எழுதினேன். இரண்டாம் பாகம் எப்போது என்று வாசகர்கள் கேட்டபடி இருந்தார்கள். என்னிடம் கைவசம் எதுவும் இல்லை. அவள் கடிதங்களைப் பிழை திருத்திப் பிரதி எடுத்து வந்தேன். மாதத்துக்கு ஒரு அத்தியாயம் தானாகச் சேர்ந்தது. வீணாய்ப் போக இருந்ததைப் பாதுகாத்து வைத்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதற்கிடையில் சூசை மறுமணம் செய்துகொண்டார். வந்தவள் பெயர் செசிலி. மெலிந்த பெண். மீன்கூடை சுமந்து கரைக்கு உள்ளே இருக்கும் ஊர்களில் விற்பாள். சத்தமாகப் பேசுவாள். மாற்றாந்தாய் என்றதும் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நானும்தான். ஏழு மாதம் கழித்து, 1933ஆம் வருஷம் மாசி மாதத்தில், குளோரி சங்கில் வைத்த கடிதம் இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

“அம்மே, சின்னம்மை நல்லதாக்கும். மீன்தலையை எனக்குத் தருது. நேத்து தலை கோதி விட்டுது, நோகவே இல்ல. நான் அதெ அம்மேண்ணு கூப்பிடட்டா? உனக்குக் கோவம் வருமா? எனக்கு இப்பம் எழுத நேரம் இல்ல, சின்னம்மை கூட சந்தைக்குப் போறேன்.”

வாசித்ததும் கண்ணீர் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அன்று மாலை இரண்டாம் பாகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழு அத்தியாயம் இருந்தது. பத்து என்று பகவதியப்பனிடம் சொல்லி, முதல் எட்டுப் பக்கம் அச்சேறியும் விட்டது. ஜெபித்துவிட்டு உட்கார்ந்தேன். பதில் இப்படி வந்தது:

“மக்கா, எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீ வேறொருத்தியை அம்மை என்று ஒருமுறை கூப்பிட்டால், பாரின் கதவு ஒரு விரற்கடை மூடும். அது இந்த ராஜ்யத்துச் சட்டம். நான் அழவில்லை.”

‘நான் அழவில்லை’ என்ற வாக்கியம் நன்றாக அமைந்தது. இரண்டாம் பாகத்தில் எட்டாம் அத்தியாயத்தில் அது இருக்கிறது.

அதற்குப் பிறகு தினம் ஒரு கடிதம் வந்தது. கூப்பிடமாட்டேன், கூப்பிடமாட்டேன் என்று ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தாள். சின்னம்மை தலை கோத வந்தால் ஓடிவிடுகிறாளாம். மீன்தலையைப் பூனைக்குப் போட்டுவிடுகிறாளாம். கதவு எவ்வளவு மூடியிருக்கிறது என்று நாள் தவறாமல் கேட்டாள். கதையில் வரும் சுறாக்கிழவியை, பிள்ளையின் தலையைக் கோத வருகிற கிழவியை, அந்த நாட்களில்தான் எழுதினேன். எட்டும் ஒன்பதும் பதினைந்து நாளில் முடிந்தன; பத்தையும் ஒருவாறு முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை வந்தது கடைசிக் கடிதம். கதையில் ஒரு விதி உண்டு. கடலில் எங்கும் வலை இல்லாத நாளில்தான் ராணி பாரின் மேல் ஏறி உட்கார முடியும். கடல் இல்லாத ஊரில் பிறந்த எனக்கு அது வெறும் அலங்காரம். கடலில் வலை இறங்காத நாள் எது என்று நான் யோசித்ததே இல்லை. கரையில் பிறந்த பிள்ளைக்கு யோசிக்கத் தேவையே இல்லை.

“அம்மே, பெரிய வெள்ளிக்கு ஒருத்தரும் கடல்ல மரம் எறக்கமாட்டாவ. எல்லாரும் கோயில்ல இருப்பாவ. அண்ணைக்கு நீ பாருக்கு மேல வருவியா? நான் சின்ன மரத்துல வந்து உனக்க கிட்ட நேர்ல சொல்லுதேன், நான் கூப்பிடலண்ணு. வரட்டா?”

வியாழக்கிழமை பதில் வைத்தேன். “வா. காத்திருப்பேன்.”

இந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி வேறுவிதமாக நினைக்க வேண்டாம். வேண்டாம் என்று எழுதினால் தாய்க்கு இன்னும் கோபம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்வாள். வா என்று எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் நானே கரைக்குப் போய், அவளைக் கட்டிப்பிடித்து, இதெல்லாம் டீச்சரம்மா எழுதியது என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

வியாழன் மாலை பஸ்ஸில் கடைசி எட்டுப் பக்கங்களின் திருத்தத் தாள் வந்தது. கூடவே பகவதியப்பன் ஒரு சீட்டு வைத்திருந்தார். “டீச்சரம்மா, ‘ள்’ எல்லாம் உங்க பக்கத்துல மாட்டிக் கெடக்கு. பெட்டியில ஒண்ணு இல்ல. ஈஸ்டருக்கு மறுநாள் கல்யாணச் சீட்டு அடிச்சுக் குடுக்கணும், மாப்பிள்ளைக்க பேரு வள்ளிநாயகம். ‘ள்’ இல்லாம அவனுக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும்? சனி காலைப் பஸ்ஸில் அனுப்பி விடும். பின்ன, கடைசிப் பக்கத்துல பாதி வெறுமையா நிக்கு. முடிவும் அவ்வளவு பிடிக்கல்ல, அழுக வரல்ல. நாலு வரி எழுதி நெரப்பும்.”

வெள்ளிக்கிழமை எங்கள் ஆலயத்தில் மூன்று மணி நேர ஆராதனை. நான் போகவில்லை. பிள்ளைகளுக்காகச் செய்வதும் ஊழியம்தான். தாள்களை மேசையில் விரித்து உட்கார்ந்தேன். வேலையில் மூழ்கியதால் நேரம் போனதே தெரியவில்லை என்றுதான் இத்தனை காலம் என் மனதிடம்கூட சொல்லிவந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கட்டுமரம் இறக்கியவர்கள் குளோரியைப் பாருக்கு வடக்கே கண்டெடுத்தார்கள். பாவாடை மடியில் ஒரு கட்டுக் காகிதம் செருகியிருந்ததாம். உப்புத்தண்ணீரில் மை கரைந்து வெறும் தாளாக இருந்ததாம். அதைக் கேட்டபோது, இதை மறைத்துவைப்பது தேவ சித்தம் என்று எனக்கு அமைதி உண்டாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் செசிலி போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டிருந்தது. கோயிலுக்குப் போகத் தலை கோதிவிட வந்திருக்கிறாள். பிள்ளை தட்டிவிட்டு விலகியிருக்கிறாள்.

“தொடண்டாம்.”

“ஏட்டி, நான் உனக்கு என்னட்டி செய்தேன்? மாசி வரைக்கும் நீ நல்லாத்தானே இருந்தா? போ, போயி உனக்க அம்மெக்கிட்டச் சொல்லு. போ.”

கோபத்தில் எந்தப் பெண்ணும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் மறுநாள் விடிந்த பிறகு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. செத்தவளிடம் போ என்று அனுப்பினாள் என்று தெரு முழுக்கச் சொன்னது. போலீசார் வந்து விசாரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னையும் அழைத்தார்கள். படித்தவள், பிள்ளைக்கு நெருக்கமானவள். வீட்டில் பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்டார்கள். செசிலி சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “தாயில்லாப் பிள்ளை” என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் இல்லை.

சூசை தலையில் கையை வைத்துக்கொண்டார். “டீச்சரம்மையே சொல்லியாச்சு. இனி நான் யாருக்கிட்டக் கேக்க?”

வழக்கு ஏதும் நிற்கவில்லை. ஆனால் சூசை செசிலியை அவளுடைய தமையன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கேயும் அவள் கூடையிலிருந்து மீன் வாங்க ஆள் இல்லை. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பினவள் என்று வீட்டு வாசலிலேயே தண்ணீர் தெளித்து விரட்டினார்களாம். இரண்டாம் பாகம் அந்த ஜூன் மாதம் வெளிவந்தது. ‘குளோரியின் நினைவுக்கு’ என்று முதல் பக்கத்தில் அச்சிட்டேன். துக்கத்தில் எல்லாரும் வாங்கினார்கள்.

செசிலியை நான் கைவிடவில்லை. மாதம் ஒருமுறை நடந்தே போய்ப் பார்ப்பேன். கொஞ்சம் அரிசி, ஒரு கம்பளி, காய்ச்சலுக்குக் கஷாயம். ஒருமுறை என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“டீச்சரம்மா, அவ எதுக்கு என்னெ வெறுத்தா? உங்கக்கிட்ட ஏதாவது சொன்னாளா? தலை கோதச்செ நோவிச்சிட்டேனா? அதெ மட்டும் சொல்லும்.”

“ஒன்றும் சொல்லவில்லை” என்றேன். அவளுடைய மனநிம்மதியைக் கெடுக்க விரும்பவில்லை. போன ஆடியில் காய்ச்சலில் இறந்துபோனாள். தலைமாட்டில், துணியில் சுற்றி, ஒரு சிறு பிள்ளைச் சீப்பு இருந்தது. அவளுக்காகத்தான் இந்த முன்னுரையை எழுதுகிறேன். அந்தப் பெண் குற்றமற்றவள். ஊர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் மீதியையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை நேரம் போனது எனக்குத் தெரியும். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கரையில் ஈ காக்கை இல்லை. மரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. மூன்று மணி சுமாருக்குக் குளோரி கோயில் உடுப்போடு வந்து, சிறுவர்கள் விளையாடும் சின்ன மரத்தைத் தள்ளி இறக்கினாள். ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தாள். எழுந்தேன். கையில் பேனா மை தொட்டபடி இருந்தது. கடைசிப் பக்கத்தின் பாதி வெறுமையாக என் முன்னால் கிடந்தது. ஒரு வரி எழுதிவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் கொக்கு அளவு. பிறகு முல்லை மொட்டு அளவு. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த வரி அங்கே இருந்தது.

பகவதியப்பன் அதைக் கோக்கும்போது அழுதாராம்.

எனவே, அந்தப் பத்தியை எப்படி எழுதினேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அதில் என் கற்பனை எதுவும் இல்லை, கடைசி வாக்கியத்தைத் தவிர. அதை விசுவாசத்தினால் எழுதினேன்.

பிள்ளைகளுக்கு நான் செய்துவந்த சிறு உபகாரத்தை இதற்காக நிறுத்திவிடப் போவதில்லை. ராணியின் பெயருக்கு என் முகவரியில் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. போன வாரம் முத்துக்கனி என்ற பிள்ளை எழுதியிருந்தாள். ஒன்பது வயது. தாய் போன தையில் தவறிவிட்டாளாம். குளோரி அங்கே சுகமா, அவளுக்கு விளையாட ஆள் உண்டா என்று கேட்டிருந்தாள். எங்க ஊருல கடல் இல்ல, பெரிய குளந்தான் உண்டு, அதுவழியா வர முடியுமா என்றும் கேட்டிருந்தாள். அந்தப் பிஞ்சு மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, சுகமாக இருக்கிறேன், தனியாகத்தான் விளையாடுகிறேன், தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதி, குளோரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.